ஆறு முதலில், கப்பல் அப்புறம்

பயணம்: கேள்வி – பதில்

ஐரோப்பாவின் ஆற்றுக் கப்பல்களைப் பற்றிப் புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளே இந்த முறை பகுதி முழுவதையும் பிடித்துக்கொண்டன.

கேள்வி: என் கணவருக்கு வரும் ஆண்டு அறுபது முடிகிறது. திருக்கடையூர் போய் வந்த கையோடு ஒரு கப்பல் பயணத்துக்கும் ஏற்பாடு செய்கிறேன் என்கிறாள், பாரீஸ் பக்கம் சார்செலில் இருக்கும் மகள். ரைன், டான்யூப், ரோன், சேன் என்று நாலு விளம்பரத் தாள் அனுப்பியிருக்கிறாள். நாலிலும் ஒரே மாதிரிக் கப்பல், ஒரே மாதிரி அஸ்தமனம். எதை எடுப்பது? (முத்தியால்பேட்டை வாசகி)

பதில்: நாலு தாளிலும் கப்பல் ஒன்று போலத் தெரிவதில் வியப்பில்லை, அவை அப்படித்தான் இருக்கின்றன. ஐரோப்பிய ஆறுகளில் நீர்மட்டம் மாறும் இடங்களில் கப்பலை ஏற்றி இறக்க ‘லாக்’ என்ற கதவு வைத்த தொட்டிகள் உண்டு. மாயின் ஆற்றிலும் மேல் டான்யூபிலும் அந்தத் தொட்டியின் அகலம் 12 மீட்டர். எனவே கப்பலின் அகலம் 11.4 மீட்டர் அளவில் நின்றுவிடும். நீளம் 135 மீட்டருக்குள். பழைய பாலங்களுக்கு அடியில் நுழைய வேண்டியிருப்பதால் மூன்று தளத்துக்கு மேல் உயரவும் வழியில்லை. சில பாலங்கள் வரும்போது மேல்தளத்துப் பந்தலை மடக்கி, கேப்டனின் அறையையே கீழே இறக்கிவிடுவார்கள். இந்த அளவுக்குள் யார் கட்டினாலும் ஏறக்குறைய 100 முதல் 190 பேருக்கு இடம், ஒரே சாப்பாட்டுக் கூடம், பேசிக்கொண்டிருக்க ஒரு பெரிய ஹால், திறந்த மேல்தளம் என்றுதான் முடியும். அரங்கும் சூதாட்டக் கூடமும் கடல் கப்பலின் சமாசாரம். ஆகவே கப்பலின் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அது எந்தெந்த ஊரில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்ற பட்டியலை மட்டும் படியுங்கள்.

ரைன் என்றால் பெரும்பாலும் சுவிட்சர்லாந்தின் பாசலில் ஏறி ஆம்ஸ்டர்டாமில் இறங்கும் 7 இரவுப் பயணம். வழியில் ஸ்ட்ராஸ்பூர், கொலோன். ருடஷைமுக்கும் கோப்ளென்ஸுக்கும் இடையே மலை இடுக்கில் ஆறு வளைந்து போகும் 65 கிலோமீட்டரை 2002-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. திரும்பிய பக்கமெல்லாம் கோட்டை. கப்பல் அதை அரை நாளில் கடந்துவிடும். அந்த அரை நாள் பகலில் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். டான்யூப் அரண்மனைகளும் சங்கீதமும் கொண்ட ஆறு: பாசாவ், மெல்க், வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட். இருட்டிய பிறகு விளக்கு போட்ட புடாபெஸ்ட் நாடாளுமன்றத்தின் முன்னால் கப்பல் திரும்புவதற்காகவே இந்த வழியைக் கேட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ரோன் வெயிலும் ரோமானியக் கட்டடமும்: லியோனில் தொடங்கி, போப்பாண்டவர்கள் 14-ஆம் நூற்றாண்டில் குடியிருந்த அவிஞ்ஞோன் வழியாக ஆர்ல் வரை.

உங்களுக்கு நான் சொல்வது சேன். முதல் காரணம் வசதி. பாரீஸில் ஏறி நார்மண்டிக் கரை வரை போய், வந்த வழியே பாரீஸுக்குத் திரும்புகிற பயணம் இது. மகள் வீட்டிலிருந்து பெட்டியோடு டாக்ஸியில் ஏறினால் கப்பலடியில் இறங்கலாம். கப்பல் ஈஃபில் கோபுரத்துப் பக்கம் க்ரெனெல் துறையில் நிற்குமா, நகரத்துக்கு வெளியே லெ பெக்கில் நிற்குமா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் காலாற நடக்க முடியுமா என்பதை அதுதான் தீர்மானிக்கும். க்ரெனெல் என்றால் எதிர்க்கரையில் கொஞ்ச தூரத்தில் கீமே அருங்காட்சியகம். அங்கே நம் சோழர் காலத்து நடராஜர் இருக்கிறார். லூவர், கீமே இரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை, ஓர்சேவுக்குத் திங்கள். ஏறும் நாளும் இறங்கும் நாளும் எந்தக் கிழமையில் விழுகின்றன என்று காலண்டரில் பார்த்துக்கொண்டால் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டாம்.

இரண்டாவது காரணம், நம் ஊர்க்காரருக்கு இந்த ஆற்றில் பார்க்கக் கிடைப்பவை. வெர்னோனில் இறங்கி ஜிவெர்னிக்குப் போவார்கள்; ஓவியர் மோனே 1883 முதல் 1926-ல் இறக்கும் வரை குடியிருந்த வீடும், அவர் திரும்பத் திரும்ப வரைந்த அல்லிக் குளமும் அங்கே. ஏப்ரல் 1 முதல் நவம்பர் 1 வரைதான் திறந்திருக்கும் என்பதால் மார்ச் மாதச் சலுகை விலையில் மயங்க வேண்டாம். அடுத்து லெசாந்தெலி. சுண்ணாம்புக் குன்றின் மேல் பாதி இடிந்து நிற்கும் கோட்டையை 1196-க்கும் 1198-க்கும் இடையில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் கட்டினார். இடிபாடு பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மேலிருந்து பார்த்தால் சேன் வளையும் வளைவு முழுதாகத் தெரியும்.

அப்புறம் ரூவான். துய்மா வீதியில் கப்ஸ் கோயிலுக்கு எதிரே நிற்கிற ஜான் தார்க் சிலையை நாம் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டு வருகிறோம். அந்தப் பெண்ணை 1431 மே 30 அன்று எரித்த இடம் ரூவானின் பழைய சந்தைச் சதுக்கம். அங்கே இப்போது நிற்கிற தேவாலயம் 1979-ல் கட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் பலருக்குப் பிடிப்பதில்லை. உள்ளே போங்கள். இரண்டாம் உலகப் போரில் அழிந்த ஒரு பழைய கோயிலிலிருந்து முன்கூட்டியே கழற்றிப் பத்திரப்படுத்திய 16-ஆம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடிகளை அதன் சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். சதுக்கத்தைச் சுற்றிய தெருக்களில் மரச்சட்டம் போட்ட வீடுகள், தெருவுக்கு மேலே வளைவில் தொங்கும் பெரிய கடிகாரம், 151 மீட்டர் உயரக் கோபுரத்தோடு நாட்டிலேயே உயரமான பேராலயம். காலையில் வழிகாட்டியோடு ஒரு சுற்று போய்விட்டு, மதியம் கப்பலுக்குத் திரும்பாமல் நீங்கள் இருவர் மட்டும் இன்னொரு சுற்று போங்கள். மொத்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த ஊர் அது.

கடைசி நிறுத்தம் ஓன்ஃப்ளர் அல்லது லெ ஆவ்ர். ஓன்ஃப்ளரில் பழைய துறைமுகக் குளமும், முழுக்க மரத்தாலான சேன்ட் கத்ரீன் கோயிலும் உண்டு. க்யூபெக் நகரத்தை நிறுவிய ஷாம்ப்ளேன் 1608-ல் கப்பலேறியது இங்கிருந்துதான். 1944 ஜூன் 6 அன்று நேசப் படைகள் இறங்கிய கடற்கரைகளுக்கும் ஒரு நாள் அழைத்துப் போவார்கள். பஸ்ஸில் போக வர மட்டும் நாலு மணி நேரம் போகும். உங்கள் கணவருக்குப் போர் வரலாற்றில் ஈடுபாடு இருந்தால் போகட்டும். இல்லாவிட்டால் ஓன்ஃப்ளரிலேயே இருந்துவிடுங்கள்.

கேள்வி: நான் லிசே பிரான்சேயில் படித்தவன். பிரெஞ்சு நன்றாக வரும், ஆங்கிலம் அவ்வளவு ஓட்டமில்லை. கப்பலில் என்ன மொழி? (சுய்ப்ரேன் வீதி)

பதில்: கம்பெனியைப் பொறுத்தது. வைக்கிங், ஆமா வாட்டர்வேஸ் போன்றவற்றில் எல்லாமே ஆங்கிலம், பயணிகளில் பெரும்பாலோர் அமெரிக்கர். அரோசாவில் ஜெர்மன் அதிகம் கேட்கும். ஸ்ட்ராஸ்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட குரோசியூரோப், 1976-ல் தொடங்கிய குடும்பக் கம்பெனி. அதில் பிரெஞ்சுதான் வீட்டு மொழி. விலையும் அமெரிக்கக் கம்பெனிகளைவிடக் குறைவு. அறை கொஞ்சம் சிறியது, ஊர் சுற்றலுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம். உங்கள் மேசையில் உட்காருகிற ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரர்கள் பொந்திஷேரி என்று கேட்டதும் உங்களை விடமாட்டார்கள், அதற்கும் தயாராகப் போங்கள்.

கேள்வி: அறைகளில் ‘பிரெஞ்ச் பால்கனி’ என்று ஒன்றுக்குக் கூடுதல் காசு கேட்கிறார்கள். தேவையா? (லாஸ்பேட்டை)

பதில்: உட்கார்ந்து காபி குடிக்கிற பால்கனி என்று நினைத்துவிடாதீர்கள். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடிக் கதவு, திறந்தால் உடனே கம்பித் தடுப்பு, அவ்வளவுதான். ஆனாலும் நான் அதற்குக் காசு கொடுக்கச் சொல்வேன். கீழ்த்தளத்து அறைகள் பாதி நீருக்குள் இருக்கும், ஜன்னல் உயரத்தில், சின்னதாக, திறக்காததாக இருக்கும். லிஃப்ட் பல கப்பல்களில் அந்தத் தளத்துக்கு இறங்குவதில்லை. முன்பதிவு செய்யும்போது பின்கோடியில் இருக்கும் அறைகளைத் தவிருங்கள், இன்ஜின் அதிர்வு அங்கேதான்.

இன்னொன்று, துறையில் இடம் போதாமல் இரண்டு மூன்று கப்பல்களை ஒட்டி ஒட்டிக் கட்டிவிடுவார்கள். திரைச்சீலையை விலக்கினால் பக்கத்துக் கப்பல்காரர் பல் தேய்ப்பது தெரியும். எவ்வளவு காசு கொடுத்த அறைக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. ஏழு நாளும் ரொட்டியும் ஆப்பிளும் தின்றே வர வேண்டியதுதானா? மூன்று வேளையும் கப்பலில் என்னதான் போடுவார்கள்? (ரெட்டியார்பாளையம்)

பதில்: பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் போனால் நீங்கள் பயப்படுகிறபடிதான் ஆகும்.

காலையில் வரிசையாகப் பரப்பி வைத்து எடுத்துக்கொள்ளும் பஃபே: ரொட்டி வகைகள், க்ருவாசான், சீஸ், தயிர், பழம், தானியக் கஞ்சி. மதியம் பாதி பஃபே, பாதி பரிமாறல். ராத்திரிச் சாப்பாடுதான் கப்பலின் பெருமை. மாலை ஏழு மணி போலத் தொடங்கி, முதல் தட்டு, சூப், பிரதான உணவு, சீஸ், இனிப்பு என்று ஒன்றரை மணி நேரம் நிதானமாகப் போகும். யாருக்கும் நிரந்தர மேசை கிடையாது. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். சாப்பாட்டோடு ஒயினும் பீரும் பல கம்பெனிகளில் கட்டணத்திலேயே அடக்கம். கடைசி இரவுக்கு முந்தின நாள் அல்லது கடைசி இரவில் கேப்டன் விருந்து. அதற்கு ஒரு பட்டுப் புடவை எடுத்துப் போனால் வீணாகாது.

வம்பு எங்கே வருகிறதென்றால், அங்கே காய்கறி உணவு என்று பெயர் பெற்றவற்றின் உள்ளே. பிரெஞ்சு வெங்காய சூப்புக்கு அடிப்படை மாட்டெலும்புச் சாறு. அல்சாஸ் பகுதியின் மெல்லிய ஃபிளாமெகூஷ் ரொட்டியில் வெங்காயத்தோடு பன்றி இறைச்சித் துண்டு தூவியிருக்கும். ரோன் பக்கத்து ஆலிவ் விழுதான தாப்பெனாதில் நெத்திலி மாதிரி மீன் அரைத்திருக்கும். நீஸ் சாலட்டில் சூரை மீனும் முட்டையும். பல சீஸ்களை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதி. ‘வெஜிடேரியன்’ என்று ஒரு சொல்லோடு நிறுத்தினால் முட்டையும் சீஸும் நிச்சயம் வரும். ஆகவே முன்பதிவின்போதே எழுத்தில் கொடுங்கள்: இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, இறைச்சி எலும்பு மீன் வேகவைத்த சாறு இல்லை, பால், தயிர், வெண்ணெய் உண்டு. கப்பலேறிய முதல் மாலையே சாப்பாட்டுக் கூட மேலாளரைத் தேடிப் போய் அதையே இன்னொரு முறை சொல்லுங்கள். நூற்றைம்பது பேருக்கு மட்டும் சமைக்கிற சின்னச் சமையலறை என்பதால் மறுநாளிலிருந்து உங்கள் முகம் பார்த்தே தட்டு வரும். இந்த விஷயத்தில் மூவாயிரம் பேர் போகிற கடல் கப்பலைவிட ஆற்றுக் கப்பல் எவ்வளவோ மேல்.

ஆற்றுக்கு ஆறு வித்தியாசமும் உண்டு. சைவருக்கு ரோன் நல்ல ஆறு. கத்திரிக்காய், குடைமிளகாய், தக்காளி போட்ட ரத்தத்தூயியும் ஆலிவ் எண்ணெயும் அந்தச் சீமையின் சாப்பாடு. ரைனில் ஏப்ரலிலிருந்து ஜூன் கடைசி வரை வெள்ளை அஸ்பாரகஸ் பருவம். அப்போது உருளைக்கிழங்கும் வெண்ணெயுமாக அதைத் தினமும் போடுவார்கள். டான்யூபின் வாக்காவ் பள்ளத்தாக்கில் ஆப்ரிகாட் பழத்தை உள்ளே வைத்து வேகவைத்த உருண்டை கிடைக்கும், நம் பூரணக் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு; மாவில் முட்டை சேர்ப்பதுண்டு, கேட்டுவிட்டு எடுங்கள். சேனில் ஆப்பிளும் கமாம்பேர் சீஸும். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு நார்மண்டியின் சிப்பியும் ரூவானின் வாத்தும் காத்திருக்கின்றன, அவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போகலாம்.

காரம் கிடைக்காது. கேட்டால் ஒரு குட்டிப் புட்டி டபாஸ்கோ வரும். சமையல்காரரோடு பேச வாய்ப்புக் கிடைத்தால் வடகத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். நம் தாளிப்பு வடகம் ‘வாதுவான்’ என்ற பெயரில் பிரான்சின் பெரிய ஓட்டல்களில் இப்போது மசாலாப் பொடியாகப் புழங்குகிறது.

கேள்வி: அப்படியானால் இட்லிப் பொடி, ஊறுகாய், கறிவேப்பிலை, நெய் எல்லாம் எடுத்துப் போகலாமா? ரைஸ் குக்கர்? (அரியாங்குப்பம்)

பதில்: பொடியும் காய்கறி ஊறுகாயும் தாராளமாக. நெய், பனீர் முதலிய பால் பொருளும் இறைச்சியும் இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகக் கூடாது, பிடித்தால் குப்பைக்குப் போகும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் மாம்பழத்துக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கு மட்டும் அது வேண்டாம். வேடிக்கை என்னவென்றால் மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி, உலர்த்தியதும் அதில் சேர்த்தி. நெய்க்குத் தடை, கருவாட்டுக்கு வழி! அதற்காக மூடிய அறையில் கருவாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிடாதீர்கள்.

குக்கர், சூடேற்றும் கம்பிச் சுருள் எதையும் அறையில் பயன்படுத்த விடமாட்டார்கள், தீ பயம். வெந்நீரும் காபி இயந்திரமும் ஹாலில் எந்நேரமும் உண்டு. மின்சாரம் நம்முடையது போலவே 230 வோல்ட். செல்போன் சார்ஜரின் இரட்டை முள் அங்கே அப்படியே பொருந்தும், மூன்று முள் பொருந்தாது.

கேள்வி: வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்குச் சின்ன வயதிலிருந்து போகிறோம். கப்பலில் போகும்போதே நிஜ லூர்துக்கும் போய்வர முடியுமா? (வில்லியனூர்)

பதில்: சேன் கப்பலிலிருந்து முடியாது. லூர்து பிரான்சின் தென்மேற்கு மூலையில், பிரனே மலையடிவாரத்தில் இருக்கிறது. பாரீஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் ஐந்து மணி நேரம் ஆகும். கப்பல் முடிந்த பின் இரண்டு இரவு ஒதுக்கிப் போய் வாருங்கள். மாலையில் மெழுகுவர்த்தி ஊர்வலம் இருப்பதால் ஒரே நாளில் திரும்புவதில் பயனில்லை.

லூர்துதான் முக்கியம், கப்பல் இரண்டாம்பட்சம் என்றால் வேறு வழி உண்டு. போர்தோவில் தொடங்கி கரோன், தோர்தோஞ்ஞு ஆறுகளிலும் ஜிரோந்து முகத்துவாரத்திலும் ஓடும் கப்பல்கள் இருக்கின்றன. போர்தோவிலிருந்து லூர்து ரயிலில் இரண்டரை மணி நேரம் போலத்தான். அந்தக் கப்பலில் நிறுத்தமெல்லாம் திராட்சைத் தோட்டமும் ஒயின் பாதாள அறையுமாக இருக்கும். அதில் ஆசை இல்லாதவர்களுக்கு மூன்றாம் நாளே அலுத்துவிடும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வீட்டில் அப்பாவிடம் பிரெஞ்சு பாஸ்போர்ட், எனக்கும் அம்மாவுக்கும் இந்திய பாஸ்போர்ட். கப்பல் நாலு நாட்டில் நிற்கிறது. விசா யாரிடம் கேட்பது? (வைத்திக்குப்பம்)

பதில்: 1962-ல் குடியுரிமை பற்றி எடுத்த முடிவுகள் இன்னும் ஒரே வீட்டை விமான நிலையத்தில் இரண்டு வரிசையாகப் பிரித்து நிறுத்துவது நம் ஊரில்தான். அப்பாவுக்கு விசா வேண்டாம். உங்களுக்கும் அம்மாவுக்கும் ஷெங்கன் விசா வேண்டும், 29 நாட்டுக்கும் அது ஒன்றே போதும். எந்த நாட்டில் அதிக நாள் இருக்கிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பம். நாள் கணக்கு சமமாக வந்தால் முதலில் நுழைகிற நாட்டிடம். ரைன் பயணத்தில் பாசலில் ஏறினாலும் பெரும்பாலான நாள் ஜெர்மனியில்தான் கழியும், அப்போது ஜெர்மனி. சேன் என்றால் கேள்வியே இல்லை, பிரான்ஸ்.

கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, பயணத்துக்கு 6 மாதம் முன்பிலிருந்து 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். கோடையில் நேரம் கிடைப்பது கஷ்டம், மூன்று மாதம் முன்பே போய்விடுங்கள். பிரான்சில் உறவினர் வீட்டில் தங்கும் இரவுகளுக்கு அவர்கள் தங்கள் ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) வாங்கும் வரவேற்புச் சான்று வேண்டும், மூலப் பத்திரமாக வேண்டும். கப்பலில் தங்கும் இரவுகளுக்குக் கப்பல் முன்பதிவே தங்குமிடச் சான்று. அதில் ஒவ்வொரு பயணியின் பெயரும், ஒவ்வொரு நாள் எந்த ஊர் என்பதும் அச்சாகியிருக்க வேண்டும். விசா சிக்குவது பலமுறை இந்தப் பட்டியல் இல்லாததால்தான்.

புடாபெஸ்ட்டைத் தாண்டிக் கீழ் டான்யூபில் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். செர்பியா ஷெங்கனில் இல்லை. செல்லுபடியாகும் ஷெங்கன் விசாவைக் காட்டி உள்ளே போகலாம். ஆனால் அங்கே போனாலே ஷெங்கனைவிட்டு வெளியேறியதாகக் கணக்கு. திரும்ப நுழைய, ஒருமுறைக்கு மேல் நுழைய விடும் விசா இருந்தாக வேண்டும்.

கேள்வி: ரைனில் தண்ணீர் வற்றி, கப்பலுக்குப் பதில் பஸ்ஸில் கூட்டிப் போனதாகத் தெரிந்தவர் சொன்னார். கட்டின காசு? (காரைக்கால்)

பதில்: அவர் சொன்னது நடக்கிறதுதான். ரைனின் குறுகலான நடுப்பகுதியில் காவுப் என்ற சிற்றூரில் இருக்கும் அளவுகோல்தான் மொத்த ஆற்றுக்கும் நாடி. 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. ஆற்றின் ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதலாக இருக்கும் என்றாலும், பெரிய கப்பலுக்கு அது போதாது. 2022 ஆகஸ்டிலும் இதே கதை. அப்போது கம்பெனிகள் ஒரு யுக்தி செய்கின்றன: எதிர்த்திசையில் வரும் தங்கள் இன்னொரு கப்பலை வற்றிய பகுதிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, இரண்டு கப்பல் பயணிகளையும் பஸ்ஸில் மாற்றி ஏற்றுவார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் இது கம்பெனியின் உரிமை, பணம் திரும்பாது. வெள்ளம் வந்தாலும் நிலைமை அதேதான், பாலத்துக்கு அடியில் நுழைய இடம் இராது. 2024-ல் ஜூனிலும் செப்டம்பரிலும் டான்யூபில் அப்படி ஆனது.

சேன் இந்த விஷயத்தில் சமர்த்து. பாரீஸிலிருந்து ரூவான் பக்கம் வரை லாக்குகளும் அணைகளும் நீர்மட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதால் வறட்சி அதை அதிகம் தொடுவதில்லை. அதன் பயம் வெள்ளம்தான்: 2016 ஜூன், 2018 ஜனவரி. ரைனுக்கும் டான்யூபுக்கும் மே நல்ல மாதம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வற்றுகிற பயம் அதிகம். பயணக் காப்பீடு எடுக்கும்போது வழித்தடம் மாறினால் ஈடு உண்டா என்ற வரியைத் தேடிப் படியுங்கள்.

கேள்வி: எனக்கு முட்டி வலி. சுண்ணாம்பாற்றுப் படகிலேயே தலை சுற்றும். வரலாமா? (தேங்காய்த்திட்டு)

பதில்: தலைச்சுற்றல் பயம் வேண்டாம். ஆற்றில் அலை இல்லை, கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று ஜன்னலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முட்டிதான் யோசிக்க வைக்கிறது. பழைய ஊர்களில் தெருவெல்லாம் உருண்டைக் கல் பாவியது. ஒட்டிக் கட்டிய கப்பல்களில் கரைக்குப் போகப் பக்கத்துக் கப்பலின் மேல்தளம் வரை படியேறி இறங்க நேரும். மேல்தளத்துக்கு லிஃப்ட் அபூர்வம். மெதுவாக நடப்போருக்குத் தனிக் குழு வைக்கிற கம்பெனிகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள். வழிகாட்டி பேசுவது காதில் மாட்டும் கருவியில் கேட்கும். பெஞ்சில் உட்கார்ந்தபடியும் கொஞ்ச தூரம் வரை கேட்கலாம். ஆற்றுக் கப்பலில் பெரும்பாலும் டாக்டர் கிடையாது, கரை பக்கத்திலேயே இருப்பதால் 112-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் வரவழைப்பார்கள். மாத்திரைகளை முழுப் பயணத்துக்கும், டாக்டர் சீட்டோடு, கைப்பையில் வையுங்கள்.

கேள்வி: மொத்தம் எவ்வளவு ஆகும்? (பாகூர்)

பதில்: 7 இரவுக்கு ஒருவருக்குச் சுமார் 1,500 யூரோவில் தொடங்கி 4,000 யூரோவைத் தாண்டியும் போகும், விமானம், விசா தனி. குறைந்த விலைத் தாளில் ஊர் சுற்றலும் பானமும் சேராது, சேர்த்துக் கூட்டினால் இரண்டு விலையும் கிட்டத்தட்ட நெருங்கிவிடும். கடைசி நாள் ஊழியருக்கான டிப்ஸ் உறை ஒன்று அறைக்கு வரும், தலைக்கு நாளொன்றுக்கு 10 யூரோ போல எதிர்பார்ப்பு. தனியாகப் போகிறவர் இருவர் அறைக்குக் கூடுதல் கட்ட வேண்டும். இந்திய ஏஜென்ட் வழியாகக் கட்டினால் டி.சி.எஸ். வரி பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம். ஒரு நாள் முன்னதாகவே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். விமானம் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது.

கேள்வி: இவ்வளவு செலவு நமக்குக் கட்டாது. இந்தியாவிலேயே இந்த மாதிரி ஒன்று இல்லையா? நம் ஊருக்கே கப்பல் வந்ததே! (நெல்லித்தோப்பு)

பதில்: நம் ஊருக்கு வந்த கார்டீலியா கடல் கப்பல். 2022-ல் அனுமதி மறுத்துத் திருப்பி, 2025-ல் நடுக்கடலில் நிறுத்திப் பயணிகளைப் படகில் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அது வேறு ரகம்.

ஆறு என்றால் கங்கை. 2023 ஜனவரி 13 அன்று காசியிலிருந்து திப்ருகருக்குக் கிளம்பிய ‘கங்கா விலாஸ்’ 51 நாளில் 3,200 கிலோமீட்டர் போவதாக ஏற்பாடு. முதல் பயணத்தில் ஏறியவர்கள் சுவிட்சர்லாந்துக்காரர்கள். அதன் விலை ஐரோப்பாவையே மிஞ்சும், அதை விடுங்கள். நான் சொல்வது கொல்கத்தாவிலிருந்து முர்ஷிதாபாத் பக்கம் போகும் ஹூக்ளி ஆற்றுச் சிறு கப்பல்கள். டேனிஷ்காரர்களின் சிராம்பூர், 108 சிவன் கோயில்கள் வட்டமாக நிற்கும் கால்னா, நவாபின் ஹஸார்துவாரி அரண்மனை எல்லாம் ஒரே வழியில். நடுவில் சந்திரநாகூர்: நம்மைப் போலவே பிரெஞ்சு ஊர், 1949-ல் வாக்கெடுப்பு நடத்தி நமக்கு நாலு ஆண்டு முன்னதாக 1950-லேயே இந்தியாவோடு சேர்ந்தது. நம் கடற்கரைச் சாலையில் சிலையாக நிற்கும் துய்ப்ளேக்ஸ் இங்கே கவர்னர் ஆவதற்கு முன் 1731 முதல் பத்து ஆண்டு அங்கேதான் அதிகாரி. அவர் பெயர் கொண்ட மாளிகை இப்போது அருங்காட்சியகம். ஆற்றங்கரையில் பெஞ்சு போட்ட நடைபாதை, பழைய தேவாலயம், பிரெஞ்சுப் பெயர்ப் பலகைகளின் மிச்சம். மறுநாள் காலை கப்பலில் லூச்சியும் ஆலு தொம்மும். விசா வேண்டாம், சைவச் சாப்பாட்டுக்குக் கடிதம் எழுத வேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமான காலம். ஜகத்தாத்ரி பூஜைக்குச் சந்திரநாகூர் முழுக்க விளக்கு போடுவார்கள், தீபாவளி கழிந்த இரண்டாவது வாரம் அது வரும். அந்த வாரத்துக்கு இடம் வேண்டுமானால் ஏஜென்டிடம் ஆடி மாதத்திலேயே சொல்லி வையுங்கள்.